குப்பத்தில் நிற்காது

சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே ரயில் வேகம் கூடிக்கொண்டே போகிறது. அந்த வேகத்தில் ஏறுவது யார், அது கடந்துபோகும் வரை காத்திருப்பது யார்?

மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு குப்பம் ரயில் நிலையத்தின் நடைமேடையைக் கடக்க இருபது விநாடி போதும். கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள் என்று ஒலிபெருக்கி சொல்லும். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையைத் திருப்புவார்கள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிவதற்குள் வந்தே பாரத் ஊரைத் தாண்டியிருக்கும்.

தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் ஓடியது இந்தத் தடத்தில்தான். 2022 நவம்பர் 11 அன்று பெங்களூரில் பிரதமர் நரேந்திர மோடி கொடியசைத்தார். சென்னையிலிருந்து மைசூரு வரை ஓடிய அந்த வண்டிக்கு வழியில் இரண்டே நிறுத்தங்கள்: காட்பாடி, பெங்களூரு. 2024 மார்ச்சில் இதே தடத்தில் இரண்டாவது வந்தே பாரத்தும் சேர்ந்துகொண்டது. இப்போது அதற்கும் மேலே ஒன்று வரப்போகிறது. 2026 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் படித்த பட்ஜெட்டில் ஏழு அதிவேக ரயில் தடங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று சென்னை–பெங்களூரு.

வந்தே பாரத்தை அதிவேக ரயில் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் கணக்கில், அதற்கென்றே போட்ட புதுத் தடத்தில் மணிக்கு 250 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடினால்தான் அது அதிவேகம். சென்னை–பெங்களூரு வந்தே பாரத் சராசரியாக எண்பது சொச்சம் கிலோமீட்டரில் ஓடுகிறது. சதாப்தி எக்ஸ்பிரஸைவிட நேரம் அதிகம் மிச்சமாகவில்லையே என்று தொடங்கிய வாரத்திலேயே பேசிக்கொண்டார்கள். வேகம் என்ன செய்கிறது, யாருக்குச் செய்கிறது என்று பார்ப்பதற்கு இந்த எண்பது கிலோமீட்டரே போதும். 300 கிலோமீட்டர் வரும்போது நடக்கப்போவதன் சின்ன அளவு மாதிரி அது.

பார்ப்பதற்கு ஏற்ற இடம் குப்பம்.

வேலைக்கு நூறு கிலோமீட்டர்

ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலையில் இருக்கிறது குப்பம். கடைத்தெருவில் நான்கு பேர் பேசிக்கொண்டு நின்றால் ஒரே பேச்சில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் வந்து போகும். திராவிட மொழிகளுக்கென்று 1997இல் ஒரு பல்கலைக்கழகத்தை இங்கே வைத்தது பொருத்தமான காரியம். அரசியலில் இந்த ஊருக்கு உள்ள இடம் எல்லோருக்கும் தெரியும். ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு 1989 முதல் இந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். கருங்கல் குவாரி, பட்டுப்புழு வளர்ப்பு, தக்காளி, பூ, பால் என்று ஊரில் தொழில் இல்லாமல் இல்லை. ஆனால் மழை பொய்த்தால் போர்வெல்லும் பொய்க்கும் நிலம் இது. கூலிக்கென்று கிளம்பினால் கால் போகும் திசை பெங்களூர்தான்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். மாவட்டத் தலைநகரான சித்தூருக்குக் குப்பத்திலிருந்து சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல். பெங்களூருக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். ரயிலில் சித்தூர் போக வேண்டுமென்றால் ஜோலார்பேட்டைக்கு இறங்கி, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் எல்லாம் கடந்து காட்பாடி போய், அங்கிருந்து வடக்கே திரும்ப வேண்டும். சொந்த மாவட்டத்தின் கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்து மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. பெங்களூருக்கோ நேர்த் தடம். ஜோலார்பேட்டைக்கும் பெங்களூர் கன்டோன்மென்டுக்கும் இடையே மெட்ராஸ் ரயில்வே அதைத் திறந்தது 1864 ஆகஸ்ட் 1 அன்று. நூற்று அறுபது ஆண்டுகளாகக் குப்பத்தின் கதவு மேற்கே பார்த்துத்தான் திறந்திருக்கிறது.

அந்தக் கதவு வழியாகத்தான் விடியுமுன் ஊர் வெளியேறுகிறது. மேஸ்திரிகள், சித்தாள்கள், கம்பி கட்டுகிறவர்கள், பெயின்டர்கள், செக்யூரிட்டி வேலைக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் போகிறவர்கள், கூடையில் பூவோ காயோ எடுத்துப் போகிறவர்கள். மெமு என்ற மின்சாரப் பாசஞ்சர் வண்டியில் இரண்டரை மணி நேர அளவுக்குப் பயணம். குடுபள்ளி, பிசாநத்தம், காமசமுத்திரம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் ஏறும். பங்காருபேட்டையில் வண்டி நிரம்பும். ஒயிட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் பாதி இறங்கும். ஐ.டி. பூங்காக்களும் அடுக்குமாடிகளும் இருப்பது அங்கேதானே. கட்டியவர்களும் காவல் நிற்பவர்களும் கழுவித் துடைப்பவர்களும் தினமும் இந்தத் தடத்தில்தான் வந்து போகிறார்கள்.

பங்காருபேட்டையில் வந்து சேரும் இன்னொரு கூட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. கோலார் தங்கவயலின் கடைசி நிலையம் மாரிகுப்பம். அங்கே இறங்கிச் சுரங்கத்துக்குள் போனவர்கள் பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் போன தமிழர்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மை தலித் மக்கள். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. குப்பத்தை ஒட்டிய சிகரகுண்டா–பிசாநத்தம் சுரங்கமும் அதே நிறுவனத்தைச் சேர்ந்ததுதான். சுரங்கம் போனபின் தங்கவயலுக்குச் சோறு போட்டது மாரிகுப்பம்–பெங்களூர் ரயில். பாட்டனார் பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் இறங்கி வேலை பார்த்தார். பேரப்பிள்ளைகள் படுக்கைவாட்டில் நூறு கிலோமீட்டர் போய் வேலை பார்க்கிறார்கள். மூடிய அரசு நிறுவனத்துக்கு ஈடாக அந்த ஊருக்குக் கிடைத்தது ஒரு பாசஞ்சர் வண்டி என்று சொன்னால் மிகையில்லை.

சீசனும் சேர் காரும்

தினப் பயணிகளின் வாழ்க்கையில் ஆதார் அட்டைக்கு அடுத்து முக்கியமான காகிதம் சீசன் டிக்கெட். குப்பத்திலிருந்து பெங்களூர் வரை இரண்டாம் வகுப்பு மாதாந்தர சீசன் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். சென்னை–மைசூரு வந்தே பாரத்தின் தொடக்கக் கட்டணம் சேர் காருக்கு 1,200 ரூபாய், எக்சிகியூட்டிவ் வகுப்புக்கு 2,295 ரூபாய். ஒருவர் ஒரு தடவை ஒரு திசையில் போகும் காசில் இன்னொருவர் ஒரு மாதம் முழுவதும் போய்வந்து மிச்சமும் பிடிப்பார். அந்தச் சீசனை வைத்துக்கொண்டு வந்தே பாரத்திலோ சதாப்தியிலோ கால் வைக்க முடியாது. பதினாறு பெட்டி, 1,128 இருக்கை, அத்தனையும் முன்பதிவு. முன்பதிவில்லாத பெட்டி என்று ஒன்று அந்த வண்டியில் கிடையாது.

மலிவு என்பது தானாக வந்ததல்ல, கேட்டு வாங்கியது. 2009இல் ரயில்வே அமைச்சராக இருந்த மம்தா பானர்ஜி ‘இஸ்ஸத்’ என்ற சீசனைக் கொண்டுவந்தார். மாத வருமானம் 1,500 ரூபாய்க்கு மேல் போகாத அமைப்புசாராத் தொழிலாளிக்கு 25 ரூபாயில் ஒரு மாதப் பயணம். ஆனால் முதலில் அதற்கு விதித்த எல்லை நூறு கிலோமீட்டர். குப்பத்திலிருந்து பெங்களூர் சிட்டி நூறைக் கொஞ்சம் தாண்டும். எல்லையை வகுத்தவர் வரைபடத்தில் இந்த ஊரைத் தேடிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 2012இல் அது 150 கிலோமீட்டராக நீண்டது. வருமான வரம்பு மட்டும் நீளவில்லை. மாதம் 1,500 ரூபாய் மட்டும் சம்பாதிக்கிற ஆள் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார் என்பதை இன்றைக்கு எந்த அதிகாரி நம்பிக் கையெழுத்துப் போடுவார்?

கொரோனா காலத்தில் நடந்ததுதான் இன்னும் கசப்பு. 2020இல் நின்ற பாசஞ்சர் வண்டிகள் திரும்பி வந்தபோது ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ என்ற பெயரோடு வந்தன. பெட்டி அதே, எஞ்சின் அதே, நிற்கும் நிலையங்களும் ஏறத்தாழ அவையே. குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது. பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகிறவருக்கு மூன்று மடங்கு. பழைய சாதாரணக் கட்டணம் திரும்ப வந்தது 2024 பிப்ரவரி கடைசியில், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு. முதியோர் சலுகை 2020 மார்ச்சில் போனது போனதுதான். மெதுவாகப் போகும் வண்டிக்கு எக்ஸ்பிரஸ் காசு வாங்கிய அந்த நான்கு ஆண்டுகளில்தான் நாட்டில் வந்தே பாரத்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன.

நாடு முழுவதற்குமான கணக்கையும் பார்த்துவிடலாம். 2023 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இந்திய ரயில்களில் 390.2 கோடிப் பயணங்கள். அதில் 95.3 சதவிகிதம் ஜெனரல், ஸ்லீப்பர் பெட்டிகளில். ஏ.சி. பெட்டிகளில் 4.7 சதவிகிதம். இது ரயில்வே அமைச்சகமே வெளியிட்ட கணக்கு. செய்திப் படங்களிலும் கொடியசைப்பு விழாக்களிலும் வருவது அந்த 4.7 சதவிகிதத்தின் ஒரு துண்டு.

வேகம் எங்கிருந்து வருகிறது?

எஞ்சினிலிருந்து என்று நினைப்போம். பெரும்பகுதி நிற்காமல் போவதிலிருந்து வருகிறது. சென்னை–ஜோலார்பேட்டை இடையே தடத்தை மணிக்கு 130 கிலோமீட்டர் தாங்கும்படி பலப்படுத்தியிருக்கிறார்கள். ஜோலார்பேட்டையைத் தாண்டினால் பச்சூர், மல்லானூர் பக்கம் மேட்டில் ஏற வேண்டும். நீராவி எஞ்சின் காலத்தில் பின்னால் இன்னொரு எஞ்சினை முட்டுக் கொடுத்துத் தள்ளிய ஏற்றம் அது. இப்படிப்பட்ட பழைய தடத்தில் நேரம் மிச்சம் பிடிக்க எளிய வழி, நிறுத்தத்தைக் குறைப்பது. வேகம் குறைத்து, நின்று, மறுபடி வேகம் பிடிக்க ஒரு நிறுத்தத்துக்கு ஐந்தாறு நிமிடம் போய்விடும். ஆகவே வேகமான வண்டிக்கு ஊர்கள் இடைஞ்சல். பணக்காரப் பயணி, ஏழைப் பயணி என்று பிரிப்பதற்கு முன்பே, நிற்கிற ஊர், நிற்காத ஊர் என்று கால அட்டவணை பிரித்துவிடுகிறது. குப்பத்தில் கையில் ஆயிரம் ரூபாய் வைத்திருக்கும் பல் மருத்துவரும் வந்தே பாரத்தில் ஏற முடியாது. பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியருக்கும் அதே கதி. இந்த விஷயத்தில் மட்டும் ஊரில் சமத்துவம் நிலவுகிறது.

நிறுத்தம் இல்லாத ஊர் வேகத்தை இழக்கிறது என்றால் அது பாதிக் கதை. மீதிப் பாதி, அந்த ஊரின் சொந்த வண்டி பின்னுக்குத் தள்ளப்படுவது. ஒரே தடத்தில் 130இல் ஒன்றும் சராசரி 40இல் ஒன்றும் ஓடினால் முன்னால் போகிற மெதுவண்டியை எங்காவது லூப் லைனில் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். ‘கிராசிங் போட்டுட்டான்’ என்று பெட்டிக்குள் முணுமுணுப்பு எழும். கேரளத்தில் 2023இல் வந்தே பாரத் ஓடத் தொடங்கியபின் ஆலப்புழை வழித் தடத்தில் இதற்காகவே பயணிகள் போராடினார்கள். கேரளத்துப் பயணிக்குச் சங்கம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. சித்தாளுக்கு மேஸ்திரிதான் இருக்கிறார். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அரைநாள் கூலியை வெட்டுகிறவரும் அவரே.

இந்த நெரிசலுக்குத் தெரிந்த மருந்து தடத்தைக் கூட்டுவது. பெங்களூர் கன்டோன்மென்ட்–ஒயிட்ஃபீல்டு இடையே நான்கு தடம் போடும் திட்டம் தொண்ணூறுகளிலேயே பேச்சில் இருந்தது. 25 கிலோமீட்டர்கூட முழுதாக இல்லாத வேலை அது. ஒரு தலைமுறை மெமுவில் நின்றே போய்வந்து, அவர்கள் பிள்ளைகளும் நிற்கத் தொடங்கியபின் வேலை நடக்கிறது. பெங்களூரின் புறநகர் ரயில் திட்டத்துக்கு 2022 ஜூனில் அடிக்கல் நாட்டினார்கள். 148 கிலோமீட்டர், நான்கு தடங்கள். கெங்கேரியிலிருந்து கிழக்கே வரும் தடம் ஒயிட்ஃபீல்டோடு முடிகிறது. குப்பத்துக்கு அங்கிருந்து இன்னும் எண்பது கிலோமீட்டர்.

மூன்றாம் வகுப்பு போய்விட்டதா?

காந்தி 1917இல் மூன்றாம் வகுப்பு ரயில் பயணத்தைப் பற்றி எழுதியது பலருக்கும் நினைவிருக்கும். அந்த வகுப்பு 1974இல் பெயரளவில் ஒழிந்தது. பலகையில் மூன்று இரண்டாக மாறியது. உருப்படியான மாற்றம் மூன்றாண்டு கழித்து வந்தது. ஜனதா அரசின் ரயில்வே அமைச்சர் மது தண்டவதே, இரண்டாம் வகுப்பு மரப் படுக்கைகளில் இரண்டு அங்குல ஃபோம் வைக்கச் சொன்னார். இன்று ஸ்லீப்பரில் முதுகு வலிக்காமல் படுத்திருப்பவர்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. 1977 டிசம்பர் 26 அன்று பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையே அவர் விட்ட கீதாஞ்சலி எக்ஸ்பிரஸில் வகுப்பே கிடையாது. வேகமான, நெடுந்தூர வண்டி. ஏறுகிற எல்லோருக்கும் ஒரே இருக்கை. வேகத்தையும் வகுப்பையும் தனித்தனியாகக் கழற்ற முடியும் என்று காட்டிய வண்டி அது.

பிறகு வந்த காலம் அவற்றை மறுபடி கட்டிப்போட்டது. நேரு நூற்றாண்டை ஒட்டி 1988இல் சதாப்தி வந்தது. வேகம் என்றால் ஏ.சி., சாப்பாடு, மினரல் வாட்டர் என்றானது. நடுவே சில முயற்சிகள்: 2002இல் ஜன் சதாப்தி, 2006இல் லாலு பிரசாத்தின் கரீப் ரத். ஏழைகளின் ரதத்துக்குப் புதுப் பெட்டி தயாரிப்பதை ரயில்வே பின்னர் நிறுத்திவிட்டது. 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் இருக்கை நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறும் முறை வந்தது. 2019 பிப்ரவரியில் டெல்லி–வாரணாசி வந்தே பாரத்.

நியாயமாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று அயோத்தியிலிருந்து கொடியசைத்த அம்ரித் பாரத் வண்டிகள் ஏ.சி. இல்லாதவை, பன்னிரண்டு ஸ்லீப்பர், எட்டு ஜெனரல். முதல் இரண்டில் ஒன்று வங்காளத்தின் மால்டாவிலிருந்து பெங்களூருக்கு வருவது. காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக, குப்பத்தைத் தாண்டித்தான் அது போகிறது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் கட்டடத் தொழிலாளி ஒரு வண்டியில், நூறு கிலோமீட்டரிலிருந்து போகும் கட்டடத் தொழிலாளி இன்னொரு வண்டியில். இருவரும் போய் நிற்பது ஒரே சாரத்தில்.

சித்தூரில் ஒரு நிறுத்தம்

தேசிய அதிவேக ரயில் கழகம் முன்பு வகுத்த சென்னை–மைசூரு தடத்தின் நீளம் 435 கிலோமீட்டர், ஒன்பது நிலையங்கள்: சென்னை, பூந்தமல்லி, அரக்கோணம், சித்தூர், பங்காருபேட்டை, பெங்களூரு, சென்னபட்டணா, மண்டியா, மைசூரு. ஆந்திரத்துக்குக் கிடைப்பது ஒரே நிலையம், சித்தூர். குப்பம் பக்கம் அது எட்டிப் பார்க்கவில்லை. சென்னை–பெங்களூரு விரைவுச்சாலையும் சித்தூர், பலமநேர், வி.கோட்டா வழியாகப் போய் குப்பத்தைத் தெற்கே விட்டுவிடுகிறது. 1864இல் நேர்த் தடத்தில் விழுந்த ஊர், அடுத்த தடங்களில் ஓரத்துக்குப் போகிறது.

சித்தூருக்காவது லாபமா என்றால், இன்றைய சித்தூர் ரயில் நிலையத்தைப் பார்க்க வேண்டும். காட்பாடி–பாகாலா–திருப்பதி தடம் ஒற்றைத் தடம். அதை இரட்டிப்பாக்க 2025 ஏப்ரலில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 104 கிலோமீட்டர், 1,332 கோடி ரூபாய். திருப்பதிக்கு மொட்டையடிக்கப் போகும் வேலூர், சித்தூர்க் குடும்பங்கள் எதிர்வண்டிக்காகக் காத்துக்கிடக்கும் தடம் அது. ஒரு பக்கம் 300 கிலோமீட்டர் வேகக் கனவு, மறுபக்கம் ஒற்றைத் தண்டவாளம். இரண்டுக்கும் ஒரே ஊர்ப் பெயர்.

அதிவேகத் தடத்துக்காக நடுவழியில் கட்டும் நிலையங்கள் விஷயத்தில் பிரான்ஸுக்குப் பட்ட அனுபவம் உண்டு. 1994இல் பாரிஸுக்கு வடக்கே அமியான், சேன் கான்தான் என்ற இரண்டு ஊருக்கும் நடுவே, இரண்டுக்கும் தூரமாக, வயல்வெளியில் ஒரு டி.ஜி.வி. (பிரெஞ்சு அதிவேக ரயில்) நிலையம் கட்டினார்கள். சர்க்கரைக் கிழங்கு வயல் நிலையம் என்று உள்ளூர்க்காரர்கள் கேலி செய்தார்கள். கார் வைத்திருந்தவர் போய் ஏறினார். பஸ்ஸை நம்பியவர் பழைய ரயிலிலேயே போனார். சித்தூரிலும் நிலையம் ஊருக்குள் வராமல் புறவழியில் அமைந்தால், அங்கே போய்ச் சேரும் ஆட்டோ கட்டணமே ஏழைக்கு ஒரு வடிகட்டி.

டி.ஜி.வி. 1981இல் பாரிஸ்–லியோன் இடையே தொடங்கியபோது வேகத்தை எல்லோருக்கும் பொதுவாக்குவதாகத்தான் சொன்னார்கள். உயர் பதவிக்காரர்களும் அலுவலகச் செலவில் பயணிப்பவர்களும்தான் அதில் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகமாக ஏறுகிறார்கள் என்பது அங்கே பழகிப்போன முடிவு. 2013இல் பிரெஞ்சு ரயில்வே ‘வீகோ’ என்ற மலிவு டி.ஜி.வி.யை விட்டது. முதல் வகுப்பு கிடையாது, காபிப் பெட்டி கிடையாது, பத்து யூரோ முதல் டிக்கெட். ஸ்பெயினில் 2021க்குப் பிறகு மூன்று நிறுவனங்கள் ஒரே அதிவேகத் தடத்தில் போட்டியிட, கட்டணம் தடாலென்று இறங்கியது. ஆக, அதிவேகம் பணக்காரர்களுக்கு மட்டும்தான் என்று இயற்கை விதி ஒன்றும் இல்லை. கட்டணமும் பெட்டி அமைப்பும் யாரோ எடுக்கும் முடிவுகள்.

சீனாவின் கதை இன்னும் பொருத்தம். உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அதிவேகத் தடம் போட்ட நாடு. பழைய பச்சை நிற வண்டிகள் குறையக் குறைய, ஊருக்குப் போகும் தொழிலாளிகள் விலை கூடிய டிக்கெட்டைத்தான் வாங்க வேண்டுமா என்ற கோபம் அங்கேயும் எழுந்தது. ஆனாலும் எண்பதுக்கும் மேற்பட்ட மெதுவண்டிச் சேவைகளைப் பொதுநலச் சேவை என்று பெயரிட்டு இன்னும் ஓட்டுகிறார்கள். சிச்சுவானின் லியாங்ஷான் மலைகளில் யி இன மக்கள் ஆடும் கோழியும் பன்றியுமாக ஏறும் வண்டி அதில் ஒன்று. இரண்டு யுவானில் தொடங்கும் அதன் கட்டணம் பல பத்தாண்டுகளாக ஏறவில்லை. புல்லட் ரயிலைக் கட்டுகிற அரசே, நஷ்டம் என்று தெரிந்து அதையும் கணக்கில் எழுதி ஓட்டுகிறது.

நம் புல்லட் ரயிலின் கணக்கு என்ன? 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டிய மும்பை–அகமதாபாத் தடம் 508 கிலோமீட்டர். அப்போதைய மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய். பெரும்பங்கு ஜப்பான் கடன். முழுத் தூரத்துக்குக் கட்டணம் 3,000 ரூபாய் அளவில் இருக்கும் என்று தேசிய அதிவேக ரயில் கழகத்தின் நிர்வாக இயக்குநர் 2018இல் சொன்னார். அதே விகிதத்தில் போட்டால் சென்னை–பெங்களூருவுக்கு 1,800 ரூபாய் வரும். விலைவாசி ஏறியபின் அது எங்கே நிற்கும் என்பது வேறு. பெங்களூர் கட்டட வேலையில் ஒரு பெண் சித்தாள் எத்தனை நாள் கல் சுமந்தால் அந்தத் தொகை சேரும் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

யாருடைய அரை மணி நேரம்?

ரயில்வேயின் பதில் ஒன்று இருக்கிறது. அது தள்ளிவிடக் கூடியதல்ல. ஒவ்வொரு பயணிக்கும் சராசரியாக 46 சதவிகிதம் சலுகை தருகிறோம், நூறு ரூபாய் ஆகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம் என்கிறது அமைச்சகம். சாதாரண வகுப்பு நஷ்டம், அதைச் சரக்கு ரயிலும் ஏ.சி. பெட்டியும்தான் தூக்கிச் சுமக்கின்றன என்பதும் பெருமளவு உண்மை. வந்தே பாரத்தில் 1,200 ரூபாய் கொடுப்பவர் சீசன்காரருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார் என்று இதிலிருந்து வாதிடலாம். அப்படியானால் அந்த லாபம் மெமுவில் கூடுதல் பெட்டியாகக் கண்ணில் தெரிய வேண்டும். புது வந்தே பாரத் எத்தனை என்று அடிக்கடி அறிவிக்கும் அமைச்சகம், ஒயிட்ஃபீல்டில் காலை ஏழு மணிக்கு இறங்கும் மெமுவில் ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி அறிவித்ததாக நான் பார்த்ததில்லை. சீசன் டிக்கெட்டின் மலிவும், அந்த டிக்கெட் வைத்திருப்பவருக்கு இருக்கை கிடைக்காததும் ஒரே கொள்கையின் இரண்டு பக்கம்: காசு குறைவாகக் கொடுக்கிறாய், நின்றுகொண்டு வா.

புல்லட் ரயில் போன்ற திட்டங்களுக்கு லாப நஷ்டம் பார்க்கும்போது ‘மிச்சமாகும் நேரத்தின் மதிப்பு’ என்ற வரிதான் பெரிய தொகையாக வந்து உட்காரும். அந்த மதிப்பைப் பெரும்பாலும் பயணியின் வருமானத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். மணிக்கு ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கும் மேலாளருக்கு அரை மணி நேரம் மிச்சமானால் நாட்டுக்கு 500 ரூபாய் லாபம் என்று காகிதம் சொல்லும். மணிக்கு 80 ரூபாய் கூலி வாங்கும் சித்தாளுக்கு அதே 500 ரூபாய் லாபம் வர ஆறு மணி நேரத்துக்கும் மேல் மிச்சமாக வேண்டும். அவருடைய மொத்தப் பயணமே போக வர ஐந்து மணி நேரம்தான். அவர் எவ்வளவு முயன்றாலும் அந்தக் கணக்கில் ஜெயிக்க முடியாது. வேலைக்குப் போய்வரும் பயணிகள் எல்லோருடைய நேரத்துக்கும் வருமானம் பாராமல் ஒரே சராசரி மதிப்பு போடும் வழக்கம் பிரிட்டனில் உண்டு. அப்படிப் போட்டால் குப்பத்து மெமுவை வேகப்படுத்தும் திட்டம் புல்லட் ரயிலோடு மோதிப் பார்க்கும் தெம்போடு மேசைக்கு வரும். ஒரு மேலாளர் சென்னை–பெங்களூரு பாதையில் மாதம் இரண்டு தடவை போவார். மெமுக்காரர் மாதம் ஐம்பது தடவை போகிறார்.

அந்தக் காகிதத்தில் வராத இன்னொன்று தூக்கம். மூன்றரை மணிக்கு எழுந்து சமைத்து, டப்பா கட்டி, பிள்ளைகளுக்கு மூடி வைத்துவிட்டு நிலையத்துக்கு நடக்கும் பெண்ணுக்கு, வண்டி அரை மணி நேரம் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் கிடைப்பது அரை மணி நேரத் தூக்கம். அதற்கு ரூபாய் மதிப்பு எந்த அறிக்கையிலும் இல்லை.

குப்பம் நிலையத்தில் பணம் செலவழிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அம்ரித் பாரத் நிலையத் திட்டப் பட்டியலில் குப்பமும் இருக்கிறது. முகப்பும் காத்திருப்பு அறையும் சீராகும். காத்திருப்பது நன்றாக இருக்கும். ஆனால் சீசன்காரர்கள் காத்திருப்பதற்காக நிலையத்துக்கு வருவதில்லை. வந்தே பாரத்துக்கு இங்கே ஒரு நிறுத்தம் கொடுத்தாலும் சில வியாபாரிகளுக்கும் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் பெற்றோருக்கும் உதவும். விடிகாலைக் கூட்டத்தில் ஒரு தலை குறையாது.

அந்தக் கூட்டத்துக்கு நேராகச் சம்பந்தப்பட்ட அறிவிப்பு வேறொன்று, பட்ஜெட் உரையின் ஆரவாரம் எதுவும் இல்லாமல் 2025இல் வந்தது. 16 முதல் 20 பெட்டி கொண்ட 100 மெமு வண்டிகள் தயாராகும், தெலங்கானாவின் காசிப்பேட்டை ஆலையில் அவை உருவாகும் என்றார் ரயில்வே அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ். இன்று பல தடங்களில் மெமுக்கள் எட்டும் பன்னிரண்டும் பெட்டிகளோடுதான் ஓடுகின்றன. அந்த நூறில் பங்காருபேட்டைக்குக் கிழக்கே எத்தனை வரும், இருபது பெட்டி நிற்கும் நீளத்துக்குக் குடுபள்ளியிலும் காமசமுத்திரத்திலும் நடைமேடை உண்டா, வந்தே பாரத்துக்கு வழிவிட ஒயிட்ஃபீல்டுக்கு முன்னால் எத்தனை நிமிடம் அவை நிற்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் தென்மேற்கு ரயில்வேயின் கால அட்டவணையில் முடிவாகும். புல்லட் ரயிலின் கோடு வரைபடத்தில் எங்கே போகிறது என்பதைவிட, குப்பத்துக்கு அந்த அட்டவணையே முக்கியம்.